தலைப்பை வைத்தது யார்? ஜாவாவில் நெடுவரிசைப் பெயர்களை எடுக்கும் வழிகள்

மாதக் கடைசியில் போகும் விற்பனை அறிக்கை ஒன்று. டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் குவெரி தனியாக ஒரு கோப்பில் இருக்கிறது. ஜாவா நிரல் அதை ஓட்டி, வரும் முடிவை சிஎஸ்வி ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பிவிடும். குவெரியை எழுதுபவர் ஒருவர், நிரலைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். முதல் வரியில் என்ன தலைப்பு வர வேண்டும் என்பதை குவெரியிலேயே 'ஆஸ்' என்ற சொல்லைப் போட்டு மாற்றுப்பெயராகச் சொல்லிவிடுவார்கள். டேபிளில் 'கஸ்ட்_என்எம்' என்று இருப்பதற்கு 'வாடிக்கையாளர்', 'இன்வ்_டிடி' என்று இருப்பதற்கு 'பில் தேதி'. நிரல் செய்ய வேண்டியது அந்தப் பெயர்களை எடுத்து முதல் வரியில் வைப்பது மட்டும்தான்.

இப்படி ஒரு நிரலை நான் சில வருடங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஜாவாவை டேட்டாபேஸோடு பேசவைக்கும் மைஎஸ்க்யூஎல் டிரைவரின் ஜார் கோப்பை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அந்த மாத அறிக்கையில் 'வாடிக்கையாளர்' போய் 'கஸ்ட்_என்எம்' வந்து நின்றது. நிரலிலும் குவெரியிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தேடிப் பார்த்ததில் தவறு என்னுடையதுதான். கெட்காலம்லேபிள் என்று எழுத வேண்டிய இடத்தில் கெட்காலம்நேம் என்று எழுதியிருந்தேன். பழைய டிரைவரில் இரண்டும் ஒரே விடையைத் தந்ததால் அது தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு சொல் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். (பேச்சில் எல்லோரும் 'காலம்' என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது அது நேரத்தோடு குழம்பும் என்பதால் இங்கே 'நெடுவரிசை' என்கிறேன்.)

நேமும் லேபிளும்

ஸ்பிரிங், ஹைபர்நேட், ஜூக் என்று எந்த ஜாவா நூலகத்தைப் பிடித்தாலும் அடியில் இருப்பது, டேட்டாபேஸோடு பேச ஜாவாவிலேயே இருக்கும் இடைமுகமான ஜேடிபிசியின் ரிசல்ட்செட்மெட்டாடேட்டாதான். குவெரியின் முடிவைத் தாங்கும் ரிசல்ட்செட்டிடம் கெட்மெட்டாடேட்டா என்று கேட்டால் அது கிடைக்கும். கெட்காலம்கவுன்ட் எத்தனை நெடுவரிசை என்று சொல்லும். 1 முதல் அந்த எண் வரை ஒரு சுற்று சுற்றினால் எல்லாப் பெயரும் கைக்கு வந்துவிடும். 0-இல் தொடங்கினால் பிழை.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். கெட்காலம்நேம் என்பது டேபிளில் இருக்கும் பெயரைக் கேட்பது. கெட்காலம்லேபிள் என்பது குவெரி எழுதியவர் 'ஆஸ்' போட்டு வைத்த பெயரைக் கேட்பது. 'ஆஸ்' இல்லையென்றால் கெட்காலம்நேம் தருவதையே அதுவும் தரும். 2006 டிசம்பரில் ஜாவா 6-உடன் வந்த ஜேடிபிசி 4.0 இதைத் தெளிவாக எழுதிவைத்தது. கெட்ஸ்ட்ரிங் போன்றவற்றுக்கு நாம் கொடுக்கும் பெயரும் லேபிள்தான் என்று அதிலேயே இருக்கிறது.

எழுதிவைத்தது ஒன்று, டிரைவர்கள் செய்வது இன்னொன்று. மைஎஸ்க்யூஎல் டிரைவரின் 5.0 வரிசையில் கெட்காலம்நேம் கேட்டாலும் மாற்றுப்பெயர்தான் வந்தது. 5.1-இலிருந்து டேபிளில் இருக்கும் நெடுவரிசைப் பெயர் வருகிறது. பழையபடி வேண்டும் என்பவர்களுக்காக யூஸ்ஓல்ட்அலியாஸ்மெட்டாடேட்டாபிஹேவியர் என்று ஒரு நீளமான அமைப்பை இணைப்பு முகவரியில் வைத்திருக்கிறார்கள். என் அறிக்கை உடைந்தது இந்த எல்லையைத் தாண்டியபோதுதான்.

போஸ்ட்கிரஸ் டிரைவர் இதற்கு நேர்மாறு. அதில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் மாற்றுப்பெயர்தான் விடை. ஆரக்கிளிலும் அப்படியே, கூடவே, கெட்டேபிள்நேம் கேட்டால் அங்கே வெற்றுச் சரம் வரும். எச்2-வில் கெட்காலம்நேம் டேபிளில் இருக்கும் நெடுவரிசைப் பெயரைத் தரும். மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பும் உண்டு. எச்எஸ்க்யூஎல்டிபியிலும் இதே கதை. எஸ்க்யூலைட்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஜாவா டிரைவர் இரண்டுக்கும் மாற்றுப்பெயரையே சொல்கிறது.

இதை யாரோ பிடிவாதமாகச் செய்த மாதிரி தோன்றும். உண்மையில் காரணம் டேட்டாபேஸ் சர்வரும் டிரைவரும் பேசிக்கொள்ளும் முறையிலேயே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 4.1 முதல் சர்வர் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அனுப்பும் விவரத்தில் இரண்டு பெயர்களும் வருகின்றன: மாற்றுப்பெயர் ஒன்று, மூலப்பெயர் ஒன்று. டேபிளுக்கும் அப்படி இரண்டு. ஆகவே டிரைவர் எதை வேண்டுமானாலும் செலவில்லாமல் சொல்லலாம். போஸ்ட்கிரஸ் சர்வர் அனுப்பும் விவரத்தில் பெயர் ஒன்றுதான், அது மாற்றுப்பெயர். அதோடு டேபிளின் அடையாள எண்ணும், அந்த டேபிளில் இது எத்தனையாவது நெடுவரிசை என்ற எண்ணும் வரும். மூலப்பெயர் வேண்டுமென்றால் அந்த எண்களை வைத்துக்கொண்டு சர்வரின் உள் அட்டவணைகளிடம் இன்னொரு குவெரி கேட்டாக வேண்டும். கெட்காலம்நேம் என்று சாதாரணமாக அழைப்பவருக்காக ஒவ்வொரு முறையும் அந்தப் பயணம் போக வேண்டாம் என்று டிரைவர் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறது.

நிஜமாகவே மூலப்பெயர் தேவைப்படும் இடங்களும் உண்டு. எந்த டேபிளின் எந்த நெடுவரிசையிலிருந்து இந்த மதிப்பு வந்தது என்று தணிக்கைப் பதிவு வைப்பவர்களுக்கு மாற்றுப்பெயரால் பயனில்லை. போஸ்ட்கிரஸில் அதற்கு பிஜிரிசல்ட்செட்மெட்டாடேட்டா என்ற டிரைவரின் சொந்த இடைமுகத்தில் கெட்பேஸ்காலம்நேம் இருக்கிறது. திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்துத் தரும் இணைப்புத் தொகுப்பு வழியாக வரும் பொருளை அன்ராப் செய்து, அதாவது மேலுறையைப் பிரித்து, அதை எட்டலாம். கேட்கும்போது அந்தக் கூடுதல் குவெரி ஓடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். தலைப்பு வரிக்காக இதைத் தொடவே வேண்டாம்.

ஒரு டேட்டாபேஸோடு வாழ்நாள் முழுக்க இருக்கப் போகிறோம் என்று நினைப்பவர்களுக்கும் லேபிளே சரி. சோதனைகளை எச்2-விலும் நிஜ ஓட்டத்தை போஸ்ட்கிரஸிலும் வைத்திருக்கும் குழுக்கள் ஏராளம். கெட்காலம்நேம் எழுதினால் இரண்டும் இரண்டு விடை சொல்லும். கெட்காலம்லேபிள் எழுதினால் பெயர் ஒன்றுதான்.

எழுத்து வடிவம் வேண்டுமானால் மாறலாம். மேற்கோள் போடாமல் எழுதிய ஆங்கில மாற்றுப்பெயரை ஆரக்கிளும் எச்2-வும் பெரிய எழுத்தாக்கும், போஸ்ட்கிரஸ் சின்ன எழுத்தாக்கும், மைஎஸ்க்யூஎல் எழுதியபடியே விடும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. மைஎஸ்க்யூஎல்லிலும் மாற்றுப்பெயருக்கு இரட்டை மேற்கோள் செல்லும்.

'ஆஸ்' போடாத கணக்கீடுகள் தனிக் கதை. வரிசைகளை எண்ணும் கவுன்ட்டை அப்படியே விட்டால் போஸ்ட்கிரஸ் 'கவுன்ட்' என்று மட்டும் தலைப்பிடும். மைஎஸ்க்யூஎல் அடைப்புக்குறி, நட்சத்திரத்தோடு முழுக் கோவையையும் தலைப்பாக்கும். இரண்டு நெடுவரிசைகளைப் பெருக்கினால் போஸ்ட்கிரஸில் இரண்டு கேள்விக்குறிகளுக்கு நடுவே 'காலம்' என்று வரும். பில் தொகைக்கு மேலே அப்படியொரு தலைப்பைப் பார்க்கும் கணக்காளர் உங்களைத்தான் கூப்பிடுவார். கணக்கீடு என்றால் 'ஆஸ்' கட்டாயம் என்று குவெரி எழுதுபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மேப் வழியாக: வசதி உண்டு, ஓட்டையும் உண்டு

ஸ்பிரிங் பயன்படுத்துபவர்கள் முதலில் போவது ஜேடிபிசிடெம்ப்ளேட்டின் குவெரிஃபார்லிஸ்ட்டுக்கு. ஒவ்வொரு வரிசையும் ஒரு மேப், அதாவது சாவியும் மதிப்புமான இணைகளின் தொகுப்பு. அதன் சாவிகள்தான் நெடுவரிசைப் பெயர்கள். உள்ளே முதலில் கெட்காலம்லேபிளைக் கேட்டு, அது காலியாக இருந்தால் மட்டும் கெட்காலம்நேமுக்குப் போகிறார்கள். அதனால் மாற்றுப்பெயர் ஒழுங்காக வரும். சாவிகளின் வரிசைமுறை காப்பாற்றப்படும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதமும் இல்லை. முதல் வரிசையின் சாவிகளை எடுத்துத் தலைப்பாக்கு என்று இரண்டு வரியில் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

முதல் வரிசை என்று ஒன்று இருந்தால்தானே? விற்பனையே இல்லாத மாதம், புதிதாகத் திறந்த கிளை, தவறாகக் கொடுத்த தேதி. குவெரிக்கு விடையாக 0 வரிசை வரும்போது பட்டியல் காலி. மேப்பும் இல்லை, பெயரும் இல்லை. அறிக்கை வெற்றுக் கோப்பாகப் போகும். அறிக்கையை வாங்குபவருக்கு அது 'விற்பனை இல்லை' என்பதா 'நிரல் செத்துவிட்டது' என்பதா என்று தெரியாது. தலைப்பு வரி மட்டும் இருந்து கீழே ஒன்றும் இல்லாவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். நெடுவரிசைப் பெயர் என்பது குவெரியின் குணம், வரிசையின் குணம் இல்லை. வரிசையிடம் போய்ப் பெயர் கேட்கும் எந்த வழியிலும் இந்த ஓட்டை இருக்கும்.

இன்னொன்று, ஒரே பெயர் இரண்டு முறை வருவது. வாடிக்கையாளர் டேபிளிலும் பொருள் டேபிளிலும் 'நேம்' என்றே நெடுவரிசை இருக்கிறது. இரண்டையும் ஜாயின் செய்து, 'ஆஸ்' போடாமல் இரண்டையும் கேட்கிறோம். மேப்பில் ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். ஸ்பிரிங்கின் இப்போதைய பதிப்புகள் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு அடுத்ததை விட்டுவிடும். ஆறு நெடுவரிசை கேட்ட இடத்தில் ஐந்து வரும். பிழைச்செய்தி எதுவும் இராது. நேரடியாக ரிசல்ட்செட்டிடம் பெயர் சொல்லிக் கேட்டாலும் முதல் பொருத்தம்தான் கிடைக்கும். ஜேடிபிசி ஆவணமே அப்படிச் சொல்லி, எண்ணைப் பயன்படுத்து அல்லது 'ஆஸ்' போட்டுத் தனிப்படுத்து என்கிறது.

ஸ்பிரிங்கை விட்டுப் போகாமலே இதைச் சரிசெய்யலாம். குவெரிஃபார்லிஸ்ட்டுக்குப் பதில் ரிசல்ட்செட்எக்ஸ்ட்ராக்டர் கொடுங்கள். அது முழு ரிசல்ட்செட்டையும் உங்கள் கையில் கொடுத்துவிடும். அடுத்த வரிசைக்குப் போகும் நெக்ஸ்ட்டை ஒரு முறைகூட அழைக்காமலே மெட்டாடேட்டாவைப் படித்துத் தலைப்பை எழுதிவிடலாம். பிறகு எண்ணை வைத்து மதிப்புகளை எடுக்கலாம். ரோகால்பேக்ஹேண்ட்லர் இதற்கு உதவாது. வரிசை வந்தால்தான் அது அழைக்கப்படும்.

எஸ்க்யூஎல்ரோசெட் என்று ஒன்றையும் சிலர் பரிந்துரைப்பார்கள். காலி முடிவிலும் மெட்டாடேட்டா தரும் என்பது உண்மை. ஆனால் அதில் கெட்காலம்நேம்ஸ் என்று மொத்தப் பட்டியலாகக் கேட்டால் உள்ளே கெட்காலம்நேம்தான் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் மாற்றுப்பெயர் தொலையும். ஒவ்வொன்றாக கெட்காலம்லேபிள் கேட்க வேண்டும். முழு முடிவையும் நினைவகத்தில் ஏற்றிவைத்துக்கொள்ளும் என்பதால் பெரிய அறிக்கைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

மைபேட்டிஸ் என்ற இன்னொரு நூலகத்தில் யூஸ்காலம்லேபிள் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் விடையை மேப்பாகக் கேட்டால் சாதாரண ஹேஷ்மேப் வரும், நெடுவரிசைகளின் வரிசைமுறை கலைந்துவிடும். லிங்க்டுஹேஷ்மேப் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதைவிட மோசமானது, மதிப்பு 'நல்' ஆக, அதாவது எதுவும் பதிவாகாமல், இருந்தால் அந்தச் சாவியே மேப்பில் இருக்காது. முதல் வாடிக்கையாளருக்கு பின்கோடு பதிவாகவில்லை என்றால் அறிக்கையில் 'பின்கோடு' என்ற தலைப்பே காணாமல் போகும். கால்செட்டர்ஸ்ஆன்நல்ஸ் என்ற அமைப்பைத் திறந்துவிட்டால் சரியாகும்.

ஹைபர்நேட்டும் ஜூக்கும்

ஹைபர்நேட்டில் நேரடி எஸ்க்யூஎல் குவெரி ஓட்டினால் இயல்பாக வருவது ஆப்ஜெக்ட் அணி. மதிப்பு இருக்கும், பெயர் இருக்காது. பெயர் வேண்டும் என்றால் மதிப்போடு பெயரையும் தாங்கும் டூப்பிள் கேட்க வேண்டும். 2009-இல், டேட்டாபேஸ் நூலகங்களுக்கான ஜாவாவின் தரநிலையான ஜேபிஏ 2.0-இல் வந்த இது, ஹைபர்நேட்டின் நேரடி குவெரிகளுக்கு 5.2 வரிசையில் கிடைத்தது. டூப்பிளின் ஒவ்வொரு உறுப்பிடமும் கெட்அலியாஸ் கேட்டால் மாற்றுப்பெயர் வரும். பழைய நிரல்களில் ரிசல்ட்டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மேப் ஆக்கியிருப்பார்கள், அது 5.2-இலேயே கைவிடப்பட வேண்டியதாகக் குறிக்கப்பட்டுவிட்டது, 6-இல் டூப்பிள்டிரான்ஸ்ஃபார்மர் அதன் இடத்தைப் பிடித்தது.

டூப்பிளும் வரிசைக்கு ஒன்றுதான் என்பதால் 0 வரிசை வந்தால் இங்கும் பெயர் கிடையாது. ஒரே பெயர் இரண்டு முறை வரும் விஷயத்தில் மட்டும் ஹைபர்நேட் 5 நன்றாக நடந்துகொண்டது: பெயர்கள் மோதினால் நேரடியாகவே பிழை எறிந்தது. சத்தமில்லாமல் ஒரு நெடுவரிசையை விழுங்குவதைவிட இது எவ்வளவோ மேல். திட்டம் முழுக்க ஹைபர்நேட்டில் இருந்தாலும் அறிக்கைக்கு மட்டும் செஷனின் டூவர்க் வழியாக ஜேடிபிசி இணைப்பை வாங்கி நேரடியாக ஓட்டுவதையே நான் செய்வேன்.

ஜூக் இந்த வேலைக்கே செய்த மாதிரி இருக்கிறது. அதன் ரிசல்ட் பொருளிடமே ஃபீல்ட்ஸ் கேட்கலாம். வரிசை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. வெறும் எஸ்க்யூஎல் சரத்தைக் கொடுத்தாலும் ஓட்டும். ஃபார்மட்சிஎஸ்வி என்று ஒரே அழைப்பில் தலைப்போடு சிஎஸ்வி வந்துவிடும், காலி முடிவிலும்கூட. யோசிக்க வேண்டியது உரிமம்: போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எச்2 போன்றவற்றுக்குத் திறந்த மூலப் பதிப்பு போதும், ஆரக்கிளுக்கும் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே ஜூக் இருக்கும் திட்டத்தில் இதைவிட்டு வேறொன்றைத் தேட வேண்டாம். தலைப்பு வரி ஒன்றுக்காக மட்டும் புதிதாக ஜூக் கொண்டுவருவது அதிகம்.

டேட்டாபேஸ்மெட்டாடேட்டாவின் கெட்காலம்ஸ் பற்றியும் கேட்பார்கள். அது டேபிளின் நெடுவரிசைகளைச் சொல்லும். உங்கள் குவெரியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எஸ்க்யூஎல் சரத்தையே பிரித்துப் படித்து 'ஆஸ்' தேடலாம் என்ற யோசனையை எல்லா நெடுவரிசையையும் பெயர் சொல்லாமல் கேட்கும் முதல் 'செலெக்ட் நட்சத்திரம்' வரும்போதே கைவிட வேண்டிவரும்.

தமிழில் தலைப்பு வைத்தால்

இது பலருக்கும் தெரியாமல் இடறும் இடம். மாற்றுப்பெயரைத் தமிழில் வைக்கலாம், இரட்டை மேற்கோளுக்குள் இடைவெளியோடும் வைக்கலாம், எல்லா டேட்டாபேஸும் ஏற்கும். ஆனால் நீளத்தில் வரம்பு உண்டு. போஸ்ட்கிரஸில் ஒரு பெயருக்கு 63 பைட். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கி' என்பது க, இகரக்குறி என்று இரண்டு குறிகள், ஆகவே 6 பைட். கணக்குப் போட்டால் 21 குறிகள்தான் கொள்ளும்.

'நிலுவைத் தொகை செலுத்த வேண்டிய நாள்' என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்தேன். 30 குறிகளும் 4 இடைவெளிகளும் சேர்ந்து 94 பைட். போஸ்ட்கிரஸ் பிழை எறியவில்லை. பெயரை வெட்டிவிட்டோம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் அனுப்பியது. நிரலில் அதை யாரும் படிப்பதில்லை. கெட்காலம்லேபிள் தந்தது: 'நிலுவைத் தொகை செலுத்த வ'. 'வே'யின் ஏகாரக் கொம்பைத் தவறவிட்டு, மொட்டையாக ஒரு 'வ'வோடு நின்றது. குறி பாதியில் உடையாமல் வெட்டுகிறது, ஆனால் எழுத்து உடைவதைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஆரக்கிளில் 12.2 பதிப்பு முதல் 128 பைட், அதற்கு முன் 30 பைட்தான். 30 பைட்டில் 'வாடிக்கையாளர்' என்ற ஒரு சொல்கூட நுழையாது. அதற்கே 39 பைட் வேண்டும். ஆனால் ஆரக்கிள் வெட்டுவதில்லை, பெயர் நீளம் என்று சொல்லி நிறுத்திவிடும். மைஎஸ்க்யூஎல்லில் மாற்றுப்பெயருக்கு 256 குறிகள், பைட் கணக்கு இல்லை என்பதால் கவலையே வேண்டாம்.

ஆகவே நீளமான தமிழ்த் தலைப்புகள் வேண்டியவர்களுக்கு, குவெரியில் சின்னதாக ஒரு மாற்றுப்பெயர் வைத்து, அதற்கு நேரான தமிழ்த் தலைப்பை ஜாவா பக்கம் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வைப்பதுதான் சரி. இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டும் என்பது உண்மையான குறை. வெளியாருக்குப் போகும் அறிக்கையில் இந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்வேன். வங்கியோ அரசு இணையதளமோ எதிர்பார்க்கும் தலைப்பு யாரோ ஒருவர் குவெரியில் கைவைத்ததால் மாறிவிடக் கூடாது. அங்கே தலைப்பை வைப்பது குவெரி எழுதியவர் இல்லை, வாங்குபவர்.

சிஎஸ்வியை எக்செல்லில் திறப்பார்கள் என்றால் கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 பைட் வரிசைக் குறியைப் போடுங்கள். இல்லையென்றால் தலைப்பு சரியாக எடுத்தும் திரையில் குப்பையாகத்தான் தெரியும்.

நான் எடுத்தது

உள் அலுவலக அறிக்கைகளுக்கு ஸ்பிரிங்கின் ரிசல்ட்செட்எக்ஸ்ட்ராக்டரும் கெட்காலம்லேபிளும். வரிசைகளைத் தொடும் முன்பே பெயர்களை ஒரு பட்டியலாக எடுத்து, ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் அங்கேயே பிழை எறிந்து நிறுத்திவிடுகிறேன். எந்தெந்த எண் நெடுவரிசைகள் மோதுகின்றன என்பதையும் செய்தியில் சொல்கிறேன். மதிப்புகளை எண்ணால் எடுக்கிறேன், பெயரால் அல்ல. வெளியாருக்கான இரண்டு அறிக்கைகளுக்கு மட்டும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு.

அதோடு, ஒவ்வொரு குவெரி கோப்பையும் எடுத்து, எந்த வரிசைக்கும் பொருந்தாத 'வேர் 1 = 0' என்ற நிபந்தனை வைத்த இன்னொரு செலெக்ட்டுக்குள் சுற்றி, நிஜ ஓட்டத்தில் இருக்கும் அதே வகை, அதே பதிப்பு டேட்டாபேஸில் ஓட்டும் ஒரு சோதனை. ஒரு வரிசைகூட வராது, தலைப்புகள் மட்டும் வரும். அவற்றை, அந்தக் குவெரியோடு சேர்த்து வைத்திருக்கும் எதிர்பார்ப்புப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. டிரைவரின் ஜாரை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் ஓடுவது அதுதான்.